கடற்கரைக் கோட்டைக்கு ஆய்வுக்காகப் போவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

செஞ்சியையும் வேலூரையும் பார்த்த கண்ணோடு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போனால் சப்பென்று இருக்கும். வாசலில் பீரங்கி, உள்ளே புல்தரை, சில கல்லறைகள், இடிந்த அறைகள். பலரும் கால் மணி நேரத்தில் படம் எடுத்து முடித்துவிட்டு மகாபலிபுரம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் எழுப்பியவை பெரும்பாலும் மதில் போட்ட கிடங்குகள் என்பது தெரிந்துவிட்டால் அந்த ஏமாற்றம் இராது. பீரங்கி காவலுக்கு வைத்தது. காத்தது துணிப் பொதியை, தராசை, கணக்குப் பேரேட்டை. வீரக்கதை தேடிப் போகிறவருக்கு இங்கே கிடைப்பது கொஞ்சம்தான். யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், எந்தச் சரக்கு எந்த வாசல் வழியாகப் போனது என்று தேடுகிறவருக்கு எழுதித் தீராத அளவு கிடைக்கும்.

பழவேற்காட்டிலிருந்து தரங்கம்பாடி வரையுள்ள கரையை உதாரணமாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முறை மற்றக் கரைகளுக்கும் பொருந்தும்.

1. ஒரு கோட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டால் ஒரே நாளில் மூன்று கோட்டைகளைப் பார்த்துவிடலாம். சுற்றுலாவுக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். எதை எழுதப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

ஒரு நிறுவனத்தின் அன்றாடத்தை எழுத விரும்பினால் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 1620இல் டேனியர் டான்ஸ்போர்க் கோட்டையைத் தொடங்கினார்கள். ரகுநாதர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் கதைகளுக்குக் குறைவே இல்லை. 1643க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. தாய்நாடு தங்களை மறந்துவிட்டதா என்று தெரியாமல், கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவரின் பொறுப்பில் அந்தக் கோட்டை நின்றது. கால் நூற்றாண்டாகக் கப்பல் வராத துறைமுகம். நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருண்ட பக்கத்தை எழுதத் துணிந்தவர்களுக்குப் பழவேற்காடு. 1612இல் போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள். 1690 வரை சோழமண்டலத்தில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க இந்தக் கரையின் துணிதான் பணம்போலச் செல்லுபடியானது. பஞ்சக் காலங்களில் துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். வயிற்றுக்கு இல்லாமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். பழவேற்காட்டைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகள் பறவைகளோடும் படகுச் சவாரியோடும் நின்றுவிடுகின்றன. எனக்கு அது உறுத்தல்தான்.

இடிபாடுதான் வேண்டும் என்றால் கடப்பாக்கத்துக்கு அருகில் உள்ள ஆலம்பரை. நாணயச்சாலை இருந்த இடம். 1750இல் ஐதராபாத் நிஜாம் குடும்பத்து முசாபர் ஜங் வழியாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள், மிச்சத்தில் கொஞ்சத்தை 2004 சுனாமி கொண்டுபோனது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு வாசலிலேயே ஐங்கோணக் கோட்டை இருக்கிறது. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர், அவர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் என்று கைமாறி, உள்நாட்டுப் போரில் சிதைந்தது. அங்கே கோட்டையைப் பற்றிக் கேட்டால் பதில் டச்சுக் காலத்திலிருந்து வராது. பதில் சொல்பவரின் வயதுக்குள் நடந்ததிலிருந்துதான் வரும். அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

குமரி மாவட்டத்து வட்டக்கோட்டை திருவிதாங்கூர் அரசின் ராணுவக் கட்டடம். சேதுபாவாசத்திரம் பக்கத்து மனோரா, நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய நினைவுச் சின்னம். இரண்டுமே அழகானவை, இந்த வகையில் சேராதவை.

2. கிளம்பும் முன் படிப்பது

வேலையில் பாதி இதுதான். படிக்காமல் போனால் சுவர் சுவராகத்தான் தெரியும்.

மாவட்டக் கையேடுகளிலும் கெசட்டியர்களிலும் தொடங்குங்கள். செங்கல்பட்டு, தென்னாற்காடு, தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் வெளிவந்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர்கள் வரி வாங்கிய அதிகாரிகள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். டச்சு இடங்களுக்கு, தொல்லியல் துறைக்காக அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட நூல் கட்டாயம். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினக் கல்லறைகளின் வரைபடப் பக்கங்கள் அதில் உண்டு. அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் இறக்கி எடுத்துப் போனால், 1897இல் இருந்தவற்றில் இன்று எது இல்லை என்று அங்கேயே நின்று ஒப்பிடலாம். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த 1905ஆம் ஆண்டுப் பட்டியலும் அப்படித்தான். கல் தேய்ந்துபோயிருக்கும், பட்டியலில் எழுத்து இருக்கும்.

அடுத்தது மூல ஆவணங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலக் கம்பெனிப் பதிவேடுகளோடு டச்சுப் பதிவேடுகளும் இருக்கின்றன. ஆய்வாளராக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். என்ன தலைப்பு, எந்த ஆண்டுகள் என்று தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். ‘கோட்டை பற்றி எல்லாம் வேண்டும்’ என்றால் யாராலும் உதவ முடியாது. டச்சுக் கம்பெனியின் பெருந்தொகுப்பு ஹேக் நகரத்திலும், டேனியருடையது கோபன்ஹேகனிலும் இருக்கின்றன. டச்சுக்காரர் வரைந்த கோட்டைப் படங்களையும் வரைபடங்களையும் ‘அட்லஸ் ஆஃப் மியூச்சுவல் ஹெரிட்டேஜ்’ இணையதளத்தில் ஊர்ப் பெயர் போட்டுத் தேடலாம்.

தமிழர் குரல் எங்கே என்று கேட்பீர்கள். ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்கிப் பல ஆண்டுகள் புதுச்சேரியில் கேட்டதையும் கண்டதையும் எழுதினார். தொடக்கப் பக்கங்களிலேயே புதுச்சேரியில் நாணயம் அடிக்கும் உரிமை பற்றிய பேச்சு வருகிறது. ஆலம்பரை நாணயச்சாலையை எழுதப் போகிறவர் அங்கிருந்து பிடித்துப் போகலாம். தரங்கம்பாடிக்கு இன்னொரு புதையல் உண்டு. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும் கூட்டாளிகளும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். வழிபாடு, சாதி, வைத்தியம், ஐரோப்பியரைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம் அவற்றில் வருகின்றன. நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பு வழியாகத்தான், அதனால் இடையில் ஒரு பாதிரியாரின் பேனா நிற்கிறது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் அக்காலத்துச் சாதாரண மனிதர் பேசுவதை இவ்வளவு கிட்டத்தில் கேட்க வேறு வழி அரிது.

3. தேதிகளைச் சரிபார்ப்பது

வரலாற்றுக் கதை எழுதும் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பயன்படுத்தினார்கள். டேனியர் 1700இல் புதியதற்கு மாறினார்கள். டச்சுக் கம்பெனியும் பிரெஞ்சுக்காரரும் முன்பே மாறியவர்கள். ஆகவே ஒரே போரை, ஒரே கப்பலின் வருகையை இரண்டு பதிவேடுகளில் பார்த்தால் 17ஆம் நூற்றாண்டில் 10 நாளும் 18ஆம் நூற்றாண்டில் 11 நாளும் வித்தியாசப்படும். பதறி ஒன்றைத் தப்பென்று அடித்துவிடாதீர்கள்.

தமிழ் ஆவணங்களில் வருஷப் பெயர் வரும். நாட்குறிப்பின் 1736, நள வருஷம். அதே நள 60 ஆண்டு கழித்து 1796இலும் வரும். ஓலையிலோ கல்வெட்டிலோ வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், எந்தச் சுற்று என்பதை அதில் வரும் அரசர் பெயரையோ அதிகாரி பெயரையோ வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும்.

கொடி மாறிய ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1810இல் அங்கே டேனிய ஆளுநர் ஆணையிடுவதாக எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

4. பழைய கரையைக் கண்டுபிடிப்பது

இன்றைய கடற்கரை அன்றைய கடற்கரை இல்லை. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாறாத ஒரு புள்ளியைப் பிடியுங்கள். கோவில், தேவாலயம், கோட்டை மூலை எதுவானாலும் சரி. அங்கிருந்து கரை எவ்வளவு தூரம் என்று அளந்தால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது பிடிபடும். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோவிலே சாட்சி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் காலத்தில் எழுந்த அந்தக் கோவிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது என்பதையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டி வர, கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுதான் வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். எந்தக் கம்பெனி ஆளுநரானாலும் கரையேற இந்தப் படகோட்டிகளின் தயவு தேவை. கோட்டைச் சுவரைவிட அந்த அலைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம்.

5. பயண ஏற்பாடு

தை, மாசி மாதங்கள் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருக்கும். சித்திரை வெயிலில் செங்கல் மதில் மேல் நிற்க முடியாது. பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வரை மின்தொடர் வண்டி, பிறகு பேருந்து. சதுரங்கப்பட்டினம் கல்பாக்கத்தை ஒட்டியிருக்கிறது. ஆலம்பரைக்குக் கடப்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ. தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து பேருந்து கிடைக்கும். அங்கு மட்டும் ஓர் இரவாவது தங்குங்கள், ஏனென்றால் கோட்டை மட்டுமல்லாமல் ஊரே ஆவணம்.

பையில் அளவு நாடா, கைவிளக்கு, பென்சில் (பேனா வியர்வையில் கரையும்), சிறிய அளவுகோல், தண்ணீர். காலில் மூடிய செருப்பு. கெல்ட்ரியா இருந்த மேட்டில் சீமைக்கருவேல முள் மண்டியிருக்கிறது, பாம்பும் இருக்கும். தனியாக உள்ளே நுழைய வேண்டாம்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் சாதாரணமாகப் படம் எடுக்கலாம். முக்காலி, படப்பிடிப்புக் கருவி என்று போனால் முன் அனுமதி வேண்டும். ட்ரோன் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே அணுமின் நிலையம். பீங்கான் துண்டு, செங்கல், காசு எது கண்ணில் பட்டாலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்க, கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த துண்டால் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

6. சுவரை வாசிப்பது

வாசலில் நுழையாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று. எந்தப் பக்கம் மதில் தடிமன், எந்தப் பக்கம் அகழி, கடல் பக்கம் வாசல் உண்டா என்று பாருங்கள். நிலத்தைப் பார்த்த பக்கம் வலுவாக இருந்தால் அவர்கள் பயந்தது உள்நாட்டுப் படைகளுக்கு. கடலைப் பார்த்த பக்கம் என்றால் சக ஐரோப்பியருக்கு. மூலைக் கொத்தளம் கூர்மையாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஐரோப்பிய முறை. ஒரு கொத்தளத்திலிருந்து பக்கத்துச் சுவரின் அடிவரை சுடுவதற்காக அப்படிக் கட்டுவார்கள், சுவரடியில் ஒளிய இடம் இராது. வட்டமான கொத்தளம் பழைய மரபு.

பிறகு உள்ளே. ஒவ்வொரு அறையிலும் ஒரே கேள்வி: இங்கே என்ன வைத்திருந்தார்கள்? சாளரமே இல்லாத, சுவர் மிகத் தடித்த, மற்றவற்றிலிருந்து ஒதுங்கிய அறை வெடிமருந்துக்கு. உயரமான தளமும் காற்றோட்டமும் இருந்தால் துணிக்கோ தானியத்துக்கோ. டான்ஸ்போர்க்கில் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் காவலர் அறைகளும், மேலே ஆளுநரும் வணிகரும் பாதிரியாரும். முதலாளியும் கைதியும் சரக்கும் ஒரே கூரைக்குக் கீழே. சீகன்பால்கே 1708 நவம்பரில் கைதாகி நான்கு மாதம் இந்தக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவர். அந்த அறைகளில் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்று பாருங்கள். வெப்பம், ஈரம், கடலின் சத்தம் எவ்வளவு கேட்கிறது, மாடியில் நடக்கும் காலடி கேட்குமா என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

சுவரின் பொருளையும் கவனியுங்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆலம்பரையில் சாந்துக்குள் கிளிஞ்சல் துணுக்குகளைத் தேடுங்கள். கடற்கரையில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது வழக்கம். சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருக்கும் பூச்சு சிமென்ட், அதாவது பிற்காலப் பழுதுபார்ப்பு. டான்ஸ்போர்க்கின் இன்றைய பளிச்சென்ற முகம் புதுப்பித்த பிறகு வந்தது. அந்த நிறத்தை அப்படியே 1650க்குக் கொண்டுபோகாதீர்கள்.

7. கல்லறைகளில்

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வரவேற்கும். தேய்ந்த எழுத்தைப் படிக்க உச்சி வெயில் உதவாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முடியாவிட்டால் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, தாள் ஒட்டிப் படியெடுப்பது எதுவும் கூடாது.

இறந்தவர்களின் வயதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இளம் மனைவியர், பிறந்து சில மாதமே வாழ்ந்த குழந்தைகள் என்று வரிசையாக வரும்போது, இந்த வியாபாரம் அவர்களிடமிருந்தும் என்ன வாங்கியது என்பது தெரியும். கூடவே இன்னொன்றையும் எழுதி வையுங்கள்: இங்கே யாருக்குக் கல் இல்லை? அந்தக் கல்லைச் செதுக்கிய தச்சருக்கு இல்லை, படகோட்டிக்கு இல்லை, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவருக்கு இல்லவே இல்லை.

8. ஊர்க்காரர்களிடம் பேசுவது

காலையில் வலையைச் சரிசெய்யும் நேரத்தில் போங்கள். கரைக்குப் படகு வந்து மீன் இறங்கும்போது போய்க் குறுக்கே நிற்காதீர்கள். “ஐயா, சின்ன வயசுல கடல் எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும். எடுத்த எடுப்பில் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெண்களிடமும் கேளுங்கள். கோட்டைச் செங்கல் எந்த வீட்டுச் சுவருக்குப் போனது என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

சுரங்கப்பாதைக் கதை கட்டாயம் வரும். இந்தக் கரையில் ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் ஏதோ ஒரு கோவிலுக்கோ அரண்மனைக்கோ சுரங்கம் போகிறது, குதிரையில் போகும் அளவு அகலம், ஆடு உள்ளே போய்த் திரும்பவில்லை. தண்ணீர் மட்டம் சில அடியிலேயே வந்துவிடும் மணற்கரையில் மைல் கணக்கில் சுரங்கம் வெட்ட முடியாது. பெரும்பாலும் வடிகாலோ நிலவறையோதான் அப்படி வளர்ந்திருக்கும். அதற்காகச் சொல்பவரை மறிக்காதீர்கள். கதையை முழுதாக எழுதிக்கொண்டு, கதை என்றே குறித்து வையுங்கள்.

9. அன்றிரவே எழுதுவது

படங்களை நம்பாதீர்கள். எடுத்த படத்தில் வாசனை, தூரம், சத்தம் மூன்றும் இருக்காது. நோட்டில் கோட்டையின் தரைப்படத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்து, படங்களின் எண்ணையும் அதிலேயே எழுதுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வரையும்போதுதான் ‘இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது?’ என்ற கேள்வி வரும், மறுநாள் காலை போய்ப் பார்க்கலாம்.

குறிப்புகளைக் கண்ணால் பார்த்தது, ஆவணத்தில் படித்தது, பிறர் சொன்னது, நானாக ஊகித்தது என்று நான்கு நிறங்களில் எழுதினால் பின்னால் தலைவலி குறையும். ஆறு மாதம் கழித்து ஊகமும் உண்மையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

10. எழுத உட்காரும்போது

கட்டுரை என்றால் ஒரு பொருளைப் பிடித்துப் போங்கள். சதுரங்கப்பட்டினத்தில் மெல்லிய மஸ்லின் துணி. நெசவாளிக்கு முன்பணம் கொடுத்த தரகர், துணியைத் தரம் பிரித்த கம்பெனி ஆள், பொதி கட்டியவர், படகு, கப்பல், கிழக்குத் தீவின் சந்தை. துணி போகும் வழியிலேயே கட்டுரையும் போகும்.

கதை என்றால் தளபதியின் கண்ணை விட்டுவிட்டு, கம்பெனிக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷின் கண்ணை எடுங்கள். இரண்டு பக்கமும் பேசுபவர், இரண்டு பக்கமும் நம்பாதவர். அல்லது கணக்கப்பிள்ளை, சமையற்காரர், கப்பல் வராத அந்தக் கால் நூற்றாண்டில் டேனியச் சிப்பாயோடு குடித்தனம் நடத்திய உள்ளூர்ப் பெண். ஆவணத்தில் இவர்களுக்கு அரை வரிதான் இருக்கும். அந்த அரை வரியை மீறாமல், அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். அடிமை வியாபாரத்தை எழுதும்போது அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பேரேட்டின் வறண்ட எண்ணிக்கை சில இடங்களில் வசனத்தைவிட ஓங்கி அடிக்கும்.

முதல் படி எழுதி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோட்டைக்குப் போங்கள். உங்கள் பாத்திரம் நிற்கிற இடத்தில் நின்று சரிபாருங்கள். அங்கிருந்து நங்கூரமிட்ட கப்பல் தெரியுமா, கொத்தளம் மறைக்குமா? வாசலிலிருந்து கிடங்குக்கு ஒரு பொதியைச் சுமந்துகொண்டு நடக்க எவ்வளவு நேரம்? மாலை நாலு மணிக்கு அந்தச் சுவரின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதாக எழுதியிருந்தால் அப்போதே அடித்துவிடலாம். உங்களோடு பேசியவர் பெயரைப் போடலாமா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், வெளிவந்ததும் ஒரு பிரதி அவர் வீட்டுக்கு அனுப்புங்கள்.